மார்க் பார்க்காத பள்ளியில் யாருக்கு சீட்? - ஒரு அட்மிஷன் ஆபீசரின் ஒரு வருடம்!

எல்.கே.ஜி அப்ளிகேஷன் வாங்க விடியற்காலையிலேயே ஸ்கூல் கேட் முன்னாடி வரிசையில் நிற்கும் அப்பாக்களைப் பார்த்திருப்போம். 'சீட் கிடைச்சிடுச்சு' என்று ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் லட்டு எமோஜி போடும் அம்மாக்களையும் பார்த்திருப்போம். ஆனா, அந்த கேட்டுக்கு உள்ளே உட்கார்ந்து, 'இந்தக் குழந்தைக்கு சீட் உண்டு, இந்தக் குழந்தைக்கு இல்லை' என்று முடிவு பண்றவங்களைப் பற்றி என்னைக்காவது யோசிச்சிருக்கோமா?

வழக்கமான பள்ளியில் அவங்க வேலை ஓரளவு சுலபம். என்ட்ரன்ஸ் டெஸ்ட், பழைய மார்க் ஷீட், கட் ஆஃப். ஒரு கோடு போட்டுட்டா முடிஞ்சது. ஆனா, 'எங்களுக்கு மார்க் முக்கியமில்லை, ரேங்க் கிடையாது, ஒரு குழந்தையை இன்னொரு குழந்தையோட ஒப்பிடவே மாட்டோம்' என்று சொல்லும் பள்ளிகளும் இருக்கு. அங்கேயும் சீட் கொஞ்சம்தான். அங்கேயும் சிலருக்கு 'இல்லை' என்று சொல்லித்தான் ஆகணும். எதை வெச்சுச் சொல்றது?

அதுவும் அது போர்டிங் ஸ்கூலாக இருந்தா? குழந்தை அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, அங்கேயே வளரப்போகுது. முடிவு தப்பாப்போனா, வீட்டை விட்டு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு பதிமூணு வயசுப் பிள்ளை ராத்திரி தலையணையில் முகம் புதைச்சு அழும்.

இப்படிப்பட்ட பள்ளிகளில் அட்மிஷன் ஆபீசில் உட்காருவது ஒரு முழுநேர வேலை. அமெரிக்காவில் இதையே கரியராக வைத்திருப்பவர்கள் நிறைய பேர். அங்கே நடைமுறை ரொம்பத் தெளிவாக வகுக்கப்பட்டிருப்பதால், முதலில் அங்கே ஒரு வருடத்தைப் பார்ப்போம். அப்புறம் நம்ம நாட்டுக்கு வருவோம்.

அது என்ன மாதிரியான பள்ளி?

'புரொகிரஸிவ் ஸ்கூல்' என்று ஆங்கிலத்தில் சொல்றதை, நம்ம ஊரில் 'மாற்றுக் கல்விப் பள்ளி' என்று சொல்வோம். ஐடியா புதுசு கிடையாது. இங்கிலாந்தில் பெடேல்ஸ் பள்ளியை ஜான் ஹேடன் பேட்லி 1893-ல் ஆரம்பித்தார். ஐந்தே வருடத்தில், 1898-ல், பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார். அந்தக் காலத்துக்கு அது பெரிய தைரியம். ஏ.எஸ்.நீல் 1921-ல் தொடங்கிய சம்மர்ஹில் இன்னும் ஒரு படி மேல. அங்கே வகுப்புக்குப் போறதும் போகாததும் குழந்தையின் இஷ்டம். பள்ளிக் கூட்டத்தில் ஆறு வயசுக் குழந்தைக்கும் ஒரு ஓட்டு, ஆசிரியருக்கும் ஒரு ஓட்டு.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கும் புட்னி ஸ்கூல் 1935-ல் தொடங்கியது. ஆரம்பித்தவர் கார்மெலிட்டா ஹின்டன். விளையாட்டு மைதானத்தில் குழந்தைகள் ஏறித் தொங்குமே ஒரு கம்பிக்கூண்டு, 'ஜங்கிள் ஜிம்'... அதற்கு 1920-களில் காப்புரிமை வாங்கிய செபாஸ்டியன் ஹின்டனின் மனைவிதான் இவர். குடும்பமே குழந்தைகளின் சுதந்திரத்தைப் பற்றி யோசிச்சிருக்கு போல!

புட்னியில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை. மொத்தமே இருநூற்றுச் சொச்சம் மாணவர்கள்தான். பள்ளிக்குள்ளேயே நிஜமான பால் பண்ணை இருக்கு. படிக்கும் எல்லாரும் முறை வைத்து மாட்டுக்கொட்டகையில் வேலை பார்க்கணும். சமையலறை, விறகு, தோட்டம் என்று மற்ற வேலைகளும் உண்டு. மாணவர் கையில் வழக்கமாக கிரேடு ஷீட் கொடுக்கப்படுவதில்லை. 'நீ இந்தப் பாடத்தில் எப்படி யோசிக்கிறாய், எங்கே தடுமாறுகிறாய்' என்று ஆசிரியர் விரிவாக எழுதித்தருவார்.

கேட்கவே சூப்பரா இருக்கு இல்லையா? அங்கேதான் அட்மிஷன் ஆபீசரின் முதல் தலைவலியே ஆரம்பம். ஏன்னா, கேட்கிற எல்லாருக்கும் இது சூப்பராத்தான் தெரியும். வாழ்ந்து பார்த்தா எல்லாருக்கும் செட் ஆகாது.

செப்டம்பர் முதல் டிசம்பர் வரை: விருந்தாளி சீசன்

அமெரிக்காவில் கல்வியாண்டு செப்டம்பர் வாக்கில் தொடங்கும். அடுத்த வருடத்துக்கான அட்மிஷன் வேலையும் அப்போதே தொடங்கிடும். குடும்பங்கள் பள்ளியைப் பார்க்க வருவார்கள். அவர்களைச் சுற்றிக் காட்டும் பொறுப்பை பெரும்பாலும் அங்கே படிக்கும் மாணவர்களிடமே கொடுத்துவிடுவார்கள். ஆபீசர் கூடப் போகமாட்டார். இதில் ஒரு நேர்மை இருக்கு. பதினாறு வயசுப் பொண்ணு ஒருத்தி, 'இங்க சாப்பாடு சில நாள் சுமார்தான்; குளிர்காலத்துல மாட்டுக்கொட்டகைக்குப் போறது செம கஷ்டம்; ஆனாலும் எனக்குப் பிடிச்சிருக்கு' என்று சொன்னா, அது எந்த பளபள பிரசுரத்தையும்விட நம்பகமானது. அட்மிஷன் ஆபீஸ் செய்யவேண்டியது, அந்தப் பொண்ணுக்கு வசனம் எழுதிக்கொடுக்காமல் இருப்பதுதான்.

சுற்றிப்பார்த்த பிறகு இன்டர்வியூ. பொதுவாகக் குழந்தையிடம் தனியாக ஒரு முறை, பெற்றோரிடம் தனியாக ஒரு முறை. இப்படிப் பிரித்துப் பேசுவது சும்மா ஃபார்மாலிட்டிக்கு இல்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தா, 'உனக்கு இங்க வர ஆசையா?' என்ற கேள்விக்கு எந்தப் பிள்ளையும் 'ஆமாம்' என்றுதான் சொல்லும். தனியாக இருக்கும்போது கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் உண்மை வெளியே வரும்.

கேள்விகளும் நாம நினைக்கிற மாதிரி இருக்காது. 'உன் பலம் என்ன, பலவீனம் என்ன' டைப் கேள்விக்கெல்லாம் பிள்ளைகள் யூடியூப் பார்த்தே பதில் தயார் பண்ணிடுவாங்க. அதனால கேள்வி வேற மாதிரி வரும்:

* யாரும் சொல்லாமல், நீயாகவே கடைசியாக எதைக் கத்துக்கிட்டே?
* ரூம்மேட்டோட சண்டை. அம்மாவுக்கு உடனே போன் பண்ண முடியாது. என்ன பண்ணுவே?
* உன் வீட்டில் எந்த வேலை உன் பொறுப்பு? அதை யாராவது ஞாபகப்படுத்தணுமா?
* இங்கே வந்தா எதை ரொம்ப மிஸ் பண்ணுவே?

இதில் எதற்கும் சரியான விடை கிடையாது. கடைசிக் கேள்விக்கு 'எதையும் மிஸ் பண்ண மாட்டேன்' என்று பளிச்சென்று சொல்லும் பிள்ளையைவிட, 'என் பாட்டியை, எங்க நாயை' என்று குரல் இறங்கிச் சொல்லும் பிள்ளை சில நேரம் அதிகத் தயாரிப்போடு இருக்கும். ஏன்னா, அது போகப்போற இடத்தைப் பற்றி நிஜமாகவே யோசிச்சிருக்கு.

சில பள்ளிகளில் இன்னும் ஒரு படி போய், பிள்ளையை ஓரிரு நாள் அங்கேயே தங்கவெச்சுப் பார்ப்பாங்க. மெஸ்ஸில் சாப்பாடு, வகுப்பில் ஒரு நாள், டார்மிட்டரியில் ஒரு ராத்திரி. பள்ளி பிள்ளையைப் பார்க்கிற மாதிரியே, பிள்ளையும் பள்ளியைப் பார்த்துடும்.

ஜனவரி, பிப்ரவரி: ஃபைல் படிக்கிற சீசன்

குளிர்காலம் வந்தா அலைச்சல் குறைஞ்சு, உட்கார்ந்து படிக்கிற வேலை தொடங்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஃபைல். பழைய பள்ளியின் மதிப்பெண் பட்டியல், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், பிள்ளை எழுதிய கட்டுரை, பெற்றோர் எழுதியது, இன்டர்வியூ குறிப்பு எல்லாம் அதில் இருக்கும்.

'இருங்க பாஸ், மார்க்கே முக்கியமில்லைன்னு சொன்னீங்க... அப்புறம் எதுக்கு மதிப்பெண் பட்டியல்?' என்று கேட்கத் தோணும். நியாயமான கேள்வி. பதில் என்னன்னா, அங்கே அதைப் படிக்கிற விதம் வேற. ஏழாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் நல்லாப் படிச்ச பையன், எட்டாம் வகுப்பில் சட்டென்று சரிஞ்சிருக்கான் என்றால், 'இவன் வேண்டாம்' என்று ஃபைலை மூடக் கூடாது. 'அந்த வருஷம் அவன் வீட்டில் என்ன நடந்தது?' என்று கேட்கணும். அமெரிக்க தனியார் பள்ளி அட்மிஷனுக்கு எஸ்.எஸ்.ஏ.டி என்று ஒரு பொதுத்தேர்வு உண்டு. அதைக் கட்டாயம் என்று கேட்காத பள்ளிகளும் நிறைய இருக்கு. மாற்றுக் கல்விப் பள்ளிகள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

ஆனா, தேர்வை எடுத்துட்டா தேர்வு செய்வது சுலபமாயிடாது. சொல்லப்போனா கஷ்டமாயிடும். மார்க் ஒரு நம்பர். அதைக் காட்டி 'கட் ஆஃப் வரலை' என்று கைகழுவிடலாம். நம்பர் இல்லாத இடத்தில், படிக்கிற ஆளின் விருப்பு வெறுப்பு உள்ளே நுழைஞ்சுடும். கலகலன்னு பேசற பிள்ளையைப் பிடிக்கும்; கூச்ச சுபாவக் குழந்தை பின்னாடி போயிடும். வீட்டிலேயே புத்தக அலமாரி இருக்கும் பிள்ளை அழகாகக் கட்டுரை எழுதும். பெற்றோர் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் வீட்டுப் பிள்ளை நாலு வரிதான் எழுதும். ஆசிரியரோட சரிசமமா உட்கார்ந்து பேசுவது சில வீடுகளில் பழக்கம்; சில வீடுகளில் அது மரியாதைக் குறைவு. 'ஆர்வம்', 'தன்னம்பிக்கை' என்று நாம சொல்றதில் பாதி, வசதியின் மறுபெயராக இருக்க வாய்ப்பு இருக்கு.

இதனாலதான் ஒரே ஆள் முடிவெடுப்பதில்லை. ஒரு ஃபைலை இரண்டு, மூன்று பேர் தனித்தனியா படிப்பாங்க. அப்புறம் கமிட்டி உட்காரும். அதில் ஆசிரியர்களும் இருப்பாங்க. 'எனக்கு இந்தப் பொண்ணைப் பிடிக்கலை' என்று ஒருத்தர் சொன்னா, 'ஏன்?' என்று கேட்க அங்கே இன்னொருத்தர் இருக்கணும்.

காலிக் கட்டில் கணக்கு

இதுவரைக்கும் கேட்டது அழகான பாதி. இப்போ யாரும் பிரசுரத்தில் போடாத மீதிப் பாதி.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட போர்டிங் ஸ்கூலில் ஒரு வருஷத்துக்குக் கட்டணம் 70,000 டாலரைத் தாண்டுவது சகஜம். நம்ம பணத்தில் தோராயமாக 60 லட்சம் ரூபாய். எல்லாராலும் கட்ட முடியாது என்பதால் பள்ளிகள் நிதியுதவி தருகின்றன. குடும்பத்தின் வருமானக் கணக்கை வாங்கிப் பார்த்து, யாருக்கு எவ்வளவு குறைக்கலாம் என்று முடிவு பண்ணுவாங்க. ஆனா அந்த உதவிக்கு என்று ஒதுக்கிய பணத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

பெரிய பெரிய பழைய பள்ளிகளுக்கு முன்னாள் மாணவர்கள் கொடுத்த நன்கொடை கோடிக்கணக்கில் வங்கியில் இருக்கும். சின்னப் பள்ளிகளுக்கு அந்த அளவுக்கு முதுகுப்பலம் கிடையாது. கட்டணம் வந்தாத்தான் சம்பளம் போடமுடியும். ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. முழுக் கட்டணம் கட்டியிருக்க வேண்டிய ஏழு கட்டில்கள் காலியா இருந்தா, வருஷத்துக்கு 4,90,000 டாலர் வரலை. அது பல ஆசிரியர்களின் ஒரு வருஷச் சம்பளம்.

காலிக் கட்டில் என்ன பண்ணும் என்பதற்கு வரலாறே இருக்கு. இங்கிலாந்தின் டார்டிங்டன் ஹால் பள்ளி, மாற்றுக் கல்வி உலகில் பெரிய பெயர். நிறுவியவர்களில் ஒருவரான லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், அதற்கு முன்னாடி வங்காளத்தில் ரவீந்திரநாத் தாகூரோடு கிராமப் புனரமைப்பு வேலை பார்த்தவர். 1926-ல் தொடங்கிய அந்தப் பள்ளி, சர்ச்சைகளும் மாணவர் எண்ணிக்கை சரிவும் சேர்ந்து 1987-ல் மூடப்பட்டது. எவ்வளவு உயர்ந்த கொள்கையாக இருந்தாலும், படிக்கப் பிள்ளைகள் இல்லைன்னா கதவைச் சாத்தித்தான் ஆகணும்.

அதனால அட்மிஷன் ஆபீசரின் தலைக்கு மேல எப்பவும் ஒரு நம்பர் தொங்கிக்கிட்டே இருக்கும். ஒரு பக்கம், நிஜமாகவே இந்தப் பள்ளி தேவைப்படுகிற, ஆனா பணம் கட்ட முடியாத பிள்ளை. இன்னொரு பக்கம், முழுப் பணம் கட்டத் தயாரா இருக்கிற, ஆனா வர இஷ்டமே இல்லாத பிள்ளை. கமிட்டியில் கடைசி நாலு சீட்டைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டு ஃபைலும் மேசை மேல பக்கத்துப் பக்கத்துல கிடக்கும். 'ஒப்பிட மாட்டோம்' என்று சொல்லும் பள்ளி, ஒப்பிட்டே தீரவேண்டிய நேரம் அது.

மார்ச் 10: முடிவு நாள்

அமெரிக்க போர்டிங் ஸ்கூல்களில் நிறைய பள்ளிகள் ஒரே நாளில் முடிவை அறிவிக்கும். அந்த நாள் மார்ச் 10. சீட் கிடைத்த குடும்பம் பதில் சொல்ல ஏப்ரல் 10 வரைக்கும் நேரம். இந்த ஒரு மாசத்தில் காட்சி அப்படியே தலைகீழ். இதுவரைக்கும் பள்ளி தேர்ந்தெடுத்தது. இப்போ பிள்ளைகள் தேர்ந்தெடுப்பாங்க. மூன்று பள்ளியில் சீட் கிடைத்த பிள்ளை ஒன்றுக்குத்தானே போகும்? அதனால எத்தனை பேர் நிஜமா வருவாங்க என்று கணிச்சு, சீட்டைவிடக் கொஞ்சம் அதிகமா 'யெஸ்' சொல்லி வெச்சிருப்பாங்க. கணிப்பு கீழே போனா கட்டில் காலி. மேலே போனா டார்மிட்டரியில் இடம் இல்லை.

ஏப்ரலுக்குப் பிறகும் வேலை முடியாது. வெயிட்டிங் லிஸ்ட்டில் இருப்பவர்களுக்கு போன். வெளிநாட்டு மாணவர்களுக்கு ஐ-20 என்ற படிவத்தை பள்ளி தயார் செய்து அனுப்பணும். அதை வைத்துத்தான் அவர்கள் தூதரகத்தில் எஃப்-1 விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். விசா தாமதமானா பெற்றோர் போன் பண்ணுவது அட்மிஷன் ஆபீசுக்குத்தான், நேரம் காலம் பார்க்காமல்.

'இல்லை' என்ற கடிதம் எழுதுவதும் இந்த வேலையின் பகுதிதான். கடிதத்தைப் படிக்கப்போறது பதிமூணு, பதினாலு வயசுப் பிள்ளை. 'விண்ணப்பித்தவர்கள் எல்லாருமே திறமைசாலிகள்' என்று பொதுப்படையா எழுதினா, 'அப்போ என்கிட்ட என்னதான் குறை?' என்று அது ராத்திரியெல்லாம் யோசிக்கும். சுருக்கமா, மரியாதையா, பொய் நம்பிக்கை கொடுக்காம எழுதணும். பெற்றோர் போன் பண்ணிக் கேட்டா, பொறுமையா எடுத்துப் பேசணும்.

தப்பான 'யெஸ்'

வெளியில் இருந்து பார்த்தா, இந்த வேலையில் கஷ்டமான வார்த்தை 'நோ' என்று தோணும். ஆனா, அதிகச் சேதம் பண்ணுவது தப்பான 'யெஸ்'தான்.

ஓர் உதாரணத்துக்கு இப்படி வெச்சுக்குவோம். ஒரு பையன். வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தினமும் சண்டை. 'பையன் இதைப் பார்க்காம தூரமா இருக்கட்டும்' என்று போர்டிங் ஸ்கூல் தேடுறாங்க. பையனுக்கு மன அழுத்தம். போன வருஷம் கவுன்சலரிடம் போயிருக்கான். இதைச் சொன்னா சீட் கிடைக்காதோ என்ற பயத்தில் அப்ளிகேஷனில் மறைச்சுடறாங்க. பள்ளியில் நாலு கட்டில் காலி. பையன் புத்திசாலி, இன்டர்வியூவில் நல்லாத்தான் பேசினான். 'யெஸ்' சொல்லிடறாங்க.

வகுப்புக்கு விரட்டி அனுப்ப யாரும் இல்லாத பள்ளி அது. சுயமா எழுந்திருக்கணும், சுயமா வேலை பார்க்கணும். வீட்டை நினைச்சு உடைஞ்சுபோயிருக்கும் பையனால் காலையில் கட்டிலை விட்டே எழ முடியலை. ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியருக்கு விஷயமே தெரியாது. சோம்பேறி என்று நினைக்கிறார். மூணாவது மாசம் பையன் பெட்டியைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குத் திரும்பறான். 'சுதந்திரம் கொடுக்கிற ஸ்கூல்லகூட என்னால இருக்க முடியலை' என்ற எண்ணத்தோட.

இதில் வில்லன் யாரும் இல்லை. பெற்றோருக்கு பயம். பள்ளிக்குக் காலிக் கட்டில். நடுவில் உட்கார்ந்திருந்த ஆள், இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கணும். 'நீங்க சொன்னா சீட் போயிடும் என்று பயப்படாதீங்க. தெரிஞ்சாத்தான் எங்களால் பார்த்துக்க முடியுமா, முடியாதா என்று சொல்ல முடியும்' என்று அந்த அம்மாவை நம்பவெச்சிருக்கணும். முடியாது என்றால், மேலதிகாரி கட்டில் கணக்கு கேட்டாலும், 'இந்தப் பையனுக்கு நாம சரியான இடம் இல்லை' என்று சொல்லியிருக்கணும். நல்ல அட்மிஷன் ஆபீசருக்கு இந்தத் துணிச்சல்தான் முதல் தகுதி.

நம்ம நாட்டில் எப்படி?

மாற்றுக் கல்வி போர்டிங் ஸ்கூல் என்றதும் இந்தியாவில் பலருக்கு ஞாபகம் வருவது ரிஷிவேலி. ஆந்திராவில், ஜே.கிருஷ்ணமூர்த்தி பிறந்த மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கு. அவருடைய பெயரில் இயங்கும் அறக்கட்டளை வேறு சில ஊர்களிலும் பள்ளிகள் நடத்துது.

ஆனா, இந்தியாவில் அட்மிஷன் வேலைக்கு ஒரு சட்டச் சிக்கல் இருக்கு. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையான குழந்தைகளுக்கு, அதாவது எட்டாம் வகுப்பு வரைக்கும் பொருந்தும். அதன் 13-வது பிரிவு இரண்டு விஷயங்களைத் தடை செய்யுது. ஒன்று, கேப்பிட்டேஷன் ஃபீஸ். இரண்டு, குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டித் தேர்ந்தெடுக்கும் முறை. வடிகட்டுதல் என்றால் என்ன? குலுக்கல் போன்ற முறை இல்லாமல், ஒரு குழந்தையைவிட இன்னொன்றுக்கு முன்னுரிமை தரும் எந்த முறையும் அதில் அடங்கும் என்று சட்டமே விளக்கம் சொல்லுது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்த ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரை.

காரணம் புரிஞ்சுக்கக்கூடியதுதான். மூணு வயசு, ஆறு வயசுக் குழந்தையையும் அதோட அப்பாவின் டிகிரியையும் பார்த்து சீட் கொடுத்த பழக்கத்தை நிறுத்தக் கொண்டுவந்தது அது. 'இன்டர்வியூ' என்ற சொல்லுக்குப் பதில் 'இன்டராக்‌ஷன்' என்ற சொல் நம்ம ஊர் ஸ்கூல்களில் எப்படிப் புழக்கத்துக்கு வந்தது என்று இப்போ புரியுதா?

ஆனா போர்டிங் ஸ்கூலில் ஒரு நிஜமான கேள்வியும் இருக்கு. பத்து வயசுக் குழந்தையை வீட்டை விட்டுப் பிரிச்சுக் கூட்டிக்கிட்டு வரும்போது, அதுகிட்ட பேசிப் பார்க்காமல் எப்படி? வடிகட்டுவதற்கும், 'உனக்கு நிஜமா வர இஷ்டமா?' என்று விசாரிப்பதற்கும் நடுவில் இருக்கும் கோடு ரொம்ப மெல்லிசு. குழந்தையின் இங்கிலீஷைச் சோதிச்சா அது வடிகட்டல். குழந்தையின் பயத்தைக் கேட்டா அது அக்கறை.

பணக் கேள்வி இங்கேயும் அதேதான். லட்சங்களில் கட்டணம் கட்டக்கூடிய குடும்பங்களுக்குத்தான் இந்தக் கதவு பெரும்பாலும் திறக்கும். ஆனா, கதவுக்குள்ளே போக முடியாதவங்களுக்கும் உள்ளே விளைஞ்சது போய்ச் சேர முடியும் என்பதற்கு நம்ம தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கு. ரிஷிவேலியின் கிராமப்புறக் கல்வி மையம், சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளுக்காக அட்டைகள் வழியாகப் படிக்கும் ஒரு முறையை உருவாக்கியது. வேற வேற வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில், அவங்கவங்க வேகத்தில் படிக்கும் முறை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு 2007-08 வாக்கில் தமிழகம் முழுக்க அரசுப் பள்ளிகளுக்குப் போன செயல்வழிக் கற்றலுக்கு (ஏ.பி.எல்) முன்மாதிரி அதுதான். இதைப் படிக்கும் உங்களில் சிலர், ஆரம்பப் பள்ளியில் பாய் விரிச்சு உட்கார்ந்து கார்டு எடுத்துப் படிச்சவங்களாகவே இருக்கலாம். எந்த அட்மிஷன் ஆபீசின் அனுமதியும் இல்லாமல் உங்ககிட்ட வந்துசேர்ந்த கல்வி அது!

இந்த வேலைக்கு வரணுமா?

இதற்கு என்று தனி டிகிரி எதுவும் கட்டாயமில்லை. வெளிநாட்டுப் பள்ளிகளில் இலக்கியம், உளவியல், கல்வியியல் என்று எதைப் படிச்சவங்களும் இந்த வேலையில் இருக்காங்க. அதே பள்ளியில் படிச்ச முன்னாள் மாணவர்களும் திரும்பி வருவதுண்டு. தேவையானது இவைதான்:

* கேட்கும் பொறுமை: நீங்க பேசுவதைவிட, பிள்ளை அமைதியா இருக்கிற பத்து விநாடியைத் தாங்கிக்கொள்வது முக்கியம்.
* எழுத்து: ஒரு மணி நேர உரையாடலை, அந்தப் பிள்ளையைப் பார்க்காத கமிட்டிக்கு அரைப் பக்கத்தில் நியாயமாகச் சொல்லத் தெரியணும்.
* எக்செல்: சிரிக்காதீங்க. கட்டில் கணக்கு, நிதியுதவிக் கணக்கு, வருகைக் கணிப்பு எல்லாம் அதில்தான்.
* ரகசியம் காப்பது: ஒரு குடும்பத்தின் வருமானம், விவாகரத்து, நோய் எல்லாம் உங்க மேசைக்கு வரும். டீ டேபிளுக்குப் போகக் கூடாது.

இன்னொன்றும் தெரிஞ்சு வெச்சுக்கங்க. போர்டிங் ஸ்கூலில் 'ஆறு மணிக்கு லாக் அவுட்' கிடையாது. பலர் கேம்பஸிலேயே குடியிருப்பாங்க. பகலில் அட்மிஷன் ஆபீஸ், சாயங்காலம் விளையாட்டுப் பயிற்சி, ராத்திரி ஹாஸ்டல் டியூட்டி என்று மூன்று தொப்பி மாட்டவேண்டியிருக்கும். களைப்புதான். ஆனா அதில் ஒரு பெரிய லாபமும் இருக்கு. நீங்க 'யெஸ்' சொன்ன பிள்ளையை மெஸ்ஸில் தினமும் பார்ப்பீங்க. உங்க முடிவு சரியா, தப்பா என்று அந்த முகமே சொல்லிடும்.

கேட் இந்தப் பக்கம் இருந்தா...

தம்பி, தங்கைக்கோ, உங்க பிள்ளைக்கோ இப்படி ஒரு பள்ளியை வீட்டில் யோசிக்கிறாங்க என்றால், அட்மிஷன் ஆபீசில் இந்தக் கேள்விகளைக் கேளுங்க:

1. எந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு உங்க பள்ளி செட் ஆகாது? ('எல்லாருக்கும் ஆகும்' என்று பதில் வந்தா உஷார்.)
2. போன வருஷம் பாதியில் போன பிள்ளைகள் எத்தனை பேர்? பொதுவா என்ன காரணம்?
3. ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, மனசு சரியில்லை என்றால் யார் எழுந்து வருவாங்க?
4. கட்டணம் தவிர வேற என்னென்ன செலவு? அடுத்த மூணு வருஷத்தில் எவ்வளவு ஏறும்?
5. ஆசிரியர் யாரும் இல்லாமல், இங்க படிக்கிற ஒரு பிள்ளையோட நாங்க பேசலாமா?

ஐந்துக்கும் தயங்காமல் பதில் சொல்லும் ஆபீசர் கிடைச்சா, அந்தப் பள்ளியை நம்பி அடுத்த படி போகலாம். ஆனா, அந்த ஆபீசுக்குப் போறதுக்கு முன்னாடியே வீட்டில் கேட்கவேண்டிய ஆறாவது கேள்வி ஒன்று இருக்கு. அதைப் பிள்ளையிடம், டி.வி-யை ஆஃப் பண்ணிட்டு, தனியா உட்காரவெச்சுக் கேளுங்க. "உனக்குப் போக இஷ்டமாடா கண்ணு?" பதில் 'இல்லை' என்று வந்தா, அப்ளிகேஷன் ஃபார்மை இப்போதைக்கு மடிச்சு வெச்சுடலாம்.